அடுத்து வருபவரின் உரிமை

நம் கண்முன் நிற்பவருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமைகளைப் பற்றி அறநூல்கள் நிறையவே பேசுகின்றன. பசித்தவருக்கு உணவு, நோயுற்றவருக்குப் பணிவிடை, கடன் கொடுத்தவரிடம் நாணயம் என்பன போன்றவை முகத்துக்கு முகம் நிகழும் கடமைகள். கொடுப்பவரைப் பெறுபவர் அறிவார்; கடமையில் தவறினால் கேட்பதற்கும் ஆள் உண்டு. ஆனால் நாம் ஒருபோதும் காணப்போகாத, நம்மை ஒருபோதும் அறியப்போகாத ஒருவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா? நாம் சென்ற வழியே நாளையோ, அடுத்த ஆண்டோ வரவிருக்கும் முகமறியாத மனிதர் ஒருவருக்கு நம்மீது ஏதேனும் உரிமை உண்டா?

இக்கேள்வியை ஏட்டளவில் ஆராய்வதைவிட, மனிதர் சிலர் விளையாட்டாகவே கைக்கொண்டுள்ள ஒரு வழக்கத்தை முன்வைத்து ஆராய்வது பயன் தரும். அவ்வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. பின்னர் அமெரிக்காவின் மலைப்பாதைகளுக்கும் பனிச்சறுக்குப் பாதைகளுக்கும் பரவியது. அதனை 'லெட்டர்பாக்ஸிங்' என்பர். நாம் 'அஞ்சற்பெட்டி தேடல்' எனலாம்.

புட்டியில் தொடங்கிய வழக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் இருக்கிறது. மரங்கள் அருகி, புல்லும் புதரும் கருஞ்சேறும் நிறைந்து, இடையிடையே கருங்கற் குன்றுகள் தலைநீட்டும் வெட்டவெளி அது. ஏறத்தாழ 950 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அந்நிலம் 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் வடபகுதியில், ஊர்களுக்கு வெகுதொலைவில், கிரான்மியர் குளம் என்றோர் இடம் உண்டு. பெயர்தான் குளம், உண்மையில் அது நீர் வடிந்துபோன ஒரு சேற்றுப் பள்ளம். மூடுபனி இறங்கிவிட்டால் அங்கே திசை தெரியாது. கால் தவறினால் சேற்றில் புதையும்.

சாக்ஃபர்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், வெளியூரிலிருந்து வருவோருக்கு அந்நிலத்தில் வழிகாட்டியாக விளங்கியவர். 1854-இல் அவர் கிரான்மியர் குளத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அத்துணைத் தொலைவு நடந்து வந்தவர்கள், தாங்கள் வந்ததற்கு அடையாளமாகத் தம் பெயரட்டையை அதில் இட்டுச் செல்லலாம் என்பதே ஏற்பாடு. நாளடைவில் புட்டி இருந்த இடத்தில் பெட்டி வந்தது. 1905-இல் வருகைப் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டது. 1937-இல் 'வெஸ்டர்ன் மார்னிங் நியூஸ்' என்னும் நாளேட்டின் முயற்சியால் கல்லாலேயே ஒரு பெட்டி கட்டப்பட்டது. மறு ஆண்டில், டார்ட்மூர் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக, டக்ஸ் பூல் என்னும் இடத்தில் இன்னொரு பெட்டி அமைந்தது.

பெயரட்டை இட்டுச் செல்லும் பழக்கத்திலிருந்து அழகிய வழக்கம் ஒன்று வளர்ந்தது. பெட்டியை வந்தடைந்தவர் முகவரி எழுதிய ஓர் அஞ்சலட்டையை அதில் வைத்துச் செல்வார். அடுத்து வருபவர் எவரோ, அவர் அந்த அட்டையை எடுத்துச் சென்று தம் ஊரிலோ வழியிலோ தபாலில் சேர்ப்பார். தம் அட்டையை அங்கே விட்டுச் செல்வார். அதை அவருக்கு அடுத்தவர் எடுத்துச் செல்வார். சில வேளைகளில் ஓர் அட்டை வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

இதில் அடங்கியுள்ள நம்பிக்கையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. அட்டையில் எழுதியதை எவரும் படிக்கலாம். அதை எடுத்தவர் கிழித்தெறிந்தாலும், சட்டைப்பையில் வைத்து மறந்துபோனாலும், கேட்பார் இல்லை. எழுதியவருக்கு அவர் இன்னார் என்பதே தெரியாது. இருந்தும் அட்டைகள் போய்ச் சேர்ந்தன. அனுப்பியவரிடம் எந்த வாக்கும் கொடுக்காமலேயே அந்த வழிப்போக்கர்கள் வாக்குக் காத்தார்கள்.

ஏன் காத்தார்கள்? அந்த இடத்திற்கு வந்து சேரும் பாடு எத்தகையது என்பதை அவர்கள் தம் கால்களால் அறிந்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். தம் அட்டையையும் அதே நம்பிக்கையோடு அங்கே வைத்துவிட்டுத்தான் அவர்கள் திரும்பினார்கள் என்பது மற்றொன்று. நம் அட்டையைத் தபாலில் சேர்க்கப்போகிறவருக்கு நாம் கைம்மாறு செய்ய வழியில்லை. அவர் நமக்குப் பின்னால் வருகிறவர். நாம் நமக்கு முன்னால் சென்றவரின் அட்டையை மட்டுமே சுமக்க முடியும். ஆக, ஒருவரிடம் பெறும் நன்மைக்கு ஈடாக இன்னொருவருக்கு நன்மை செய்வதே அங்கு இயலக்கூடிய ஒரே நன்றி. கொடுக்கல் வாங்கல் இருவருக்குள் முடிந்துவிடும் வாணிபம் அன்று இது. முடிவு காணாத ஒரு சங்கிலி.

கடிதம் போய் முத்திரை வந்தது

இந்த வழக்கம் அதே நிலையில் நீடிக்கவில்லை. 1970-களுக்கு முன்புவரை டார்ட்மூர் முழுவதிலும் இத்தகைய பெட்டிகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இருந்ததில்லை. அதன் பின்னரோ அவை பல்கிப் பெருகி ஆயிரக்கணக்கில் ஆயின. பல பெட்டிகள் சாலையிலிருந்து சிறிது நேர நடையிலேயே எட்டக்கூடிய இடங்களில் வைக்கப்பட்டன. அஞ்சலட்டை வைக்கும் பழக்கம் மெல்ல மறைந்தது. அதன் இடத்தை ரப்பர் ஸ்டாம்பு பிடித்துக்கொண்டது.

இன்றைய வழக்கம் இதுதான்: ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதற்கே உரிய ஒரு முத்திரையும் ஒரு சிறு குறிப்பேடும் இருக்கும். தேடி வருபவரிடமும் தமக்கே உரிய ஒரு முத்திரையும் ஒரு குறிப்பேடும் உண்டு. பெட்டியின் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொள்வார். தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்துச் செல்வார். பலர் இயற்பெயரைக்கூடக் குறிப்பதில்லை. ஒரு பறவையோ, இலையோ, காலணியோ செதுக்கிய முத்திரையே அவர்தம் அடையாளம். நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று 'நூற்றுவர் சங்கம்' ஒன்றும் டார்ட்மூரில் உருவாயிற்று.

இந்த மாற்றத்தில் ஓர் இழப்பு இருக்கிறது. முன்பு பெட்டியைக் கண்டவர் பிறருடைய சுமையைச் சுமந்து திரும்பினார். இப்போது தம்முடைய பதிவைச் சுமந்து திரும்புகிறார். முன்பு கண்டவுடன் ஒரு கடமை தொடங்கிற்று. இப்போது கண்டவுடன் ஒரு கணக்கு கூடுகிறது. கணக்கு என்று வந்துவிட்டால், 'எப்படிக் கண்டாய்?' என்பதைவிட 'எத்தனை கண்டாய்?' என்பதே முன்னிற்கும். நல்வினைகளுக்குக்கூட எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் மனம் மனிதனுக்கு உண்டு. எண்ணத் தொடங்கியதும், செய்யும் செயலின்மீது இருந்த கண் செய்பவனின்மீது திரும்பிவிடுகிறது.

எனினும் பழைய அறம் முற்றும் அழிந்துவிடவில்லை. கடிதத்தைச் சுமக்கும் கடமை போனாலும், பெட்டியைக் காக்கும் கடமை எஞ்சியிருக்கிறது. நாம் எழுப்பிய கேள்வியின் வேர் அங்கேதான் உள்ளது.

எடுக்காமல் கண்டெடுத்தல்

கண்டெடுத்தல் இரு வகைப்படும். தெருவில் கிடக்கும் காசை ஒருவன் கண்டெடுக்கிறான் என்றால், அத்துடன் அது மற்றவர்களுக்கு இல்லாமற் போகிறது. அவன் கண்டதே மற்றவரின் காணுதலுக்கு முடிவு. ஆனால் பாறை இடுக்கில் இருக்கும் இந்தப் பெட்டியைக் கண்டவர் அதை எடுப்பதில்லை. முத்திரையைப் பதித்துக்கொண்டு, ஏட்டில் ஈரம் படாதபடி மூடியை இறுக மூடி, இருந்த இடத்திலேயே, இருந்தவாறே, மேலிருந்த கல்லையும் பொருத்தி வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். அருகில் வேறு யாரேனும் இருந்தால், அவர்கள் கடந்து செல்லும்வரை பெட்டியைத் தொடவும் கூடாது. அவர்கள் அங்கேயே அமர்ந்துவிட்டால்? பல மணி நேரம் நடந்து வந்த பின்னும், கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி இருந்தும், அதைக் காணாதவர்போல் திரும்பிச் செல்வதே முறை.

அந்தப் பெட்டிக்குள் பணமதிப்புள்ள பொருள் எதுவும் இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. திருடிச் சென்றவன் கையில் அது ஒரு ரப்பர்த் துண்டு. இருந்த இடத்தில் இருக்கும்போதுதான் அது பொக்கிஷம். உடைமையாக்கிய கணமே மதிப்பிழந்து போகும் செல்வங்கள் உலகில் பல உண்டு என்பதற்கு அது ஓர் எளிய சான்று.

வயலில் மறைந்திருந்த புதையலைப் பற்றிய நற்செய்தி உவமையை நாம் அறிவோம். புதையலைக் கண்டவர் அதை மீண்டும் மறைத்துவிட்டு, மகிழ்ச்சியோடு போய்த் தமக்குள்ள அனைத்தையும் விற்று அந்த வயலை வாங்குகிறார். இறையாட்சிக்காக அனைத்தையும் இழக்கத் துணியும் நெஞ்சைக் காட்டவே அவ்வுவமை சொல்லப்பட்டது. பெட்டி தேடுபவரும் கண்டதை மீண்டும் மறைக்கிறார். ஆனால் அவர் வயலை வாங்கப் போவதில்லை. தமக்கு வேண்டும் என்பதற்காக அன்று, பிறருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே மறைக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல. சில செல்வங்களுக்காக நாம் அனைத்தையும் விட்டுவிட வேண்டும். சில செல்வங்களையோ, பெற்ற அதே நிலையில் விட்டு வைக்க வேண்டும். எது எத்தகையது என்று பகுத்தறிவதே ஞானம்.

மறைத்தலும் பொய்த்தலும்

இனி, பெட்டியை வைப்பவரின் பக்கம் நின்று பார்ப்போம். அவர் ஒன்றை மறைக்கிறார். மறைப்பது வஞ்சகம் ஆகாதா? உண்மையை உள்ளபடி சொல்லாமல் புதிராகச் சொல்வது பொய்க்கு அருகில் வந்துவிடாதா?

பெட்டியை வைப்பவர் அதைத் தேடிவர ஒரு குறிப்பும் எழுதுகிறார். இந்தக் குன்றின் உச்சி இத்தனை பாகைத் திசையில் தெரிய வேண்டும், அந்தத் தனிமரத்திலிருந்து இத்தனை காலடி நடக்க வேண்டும் என்று, திசைகாட்டியைக் கொண்டு கண்டறியத்தக்க விவரங்கள் அதில் இருக்கும். சிலர் அதை விடுகதையாக எழுதுவர். குறிப்பு எவ்வளவு கடினமாகவும் இருக்கலாம். ஆனால் தவறாக இருத்தல் ஆகாது. டார்ட்மூரின் சேற்று நிலத்தில், மூடுபனிக்கு நடுவே, ஒரு பொய்யான திசையை நம்பி நடப்பவருக்கு நேரக்கூடியது வெறும் ஏமாற்றம் மட்டும் அன்று, ஆபத்து.

மறைத்தலுக்கும் பொய்த்தலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. மறைப்பவர் தேடுபவரின் அறிவை மதிக்கிறார். 'நீர் முயன்றால் காண்பீர்' என்று அவரிடம் நம்பிக்கை வைக்கிறார். பொய்ப்பவரோ, எவ்வளவு முயன்றாலும் காணமுடியாத இடத்திற்கு அவரை அனுப்புகிறார். முன்னது தேடலைத் தொடங்கி வைக்கிறது. பின்னது தேடலையே கேலி செய்கிறது. பிள்ளைகளுக்கு விடையைச் சொல்லிவிடாமல் காத்திருக்கும் நல்லாசிரியர் முன்னவரைச் சேர்ந்தவர்.

மறைவிடத்தைத் தெரிவதற்கும் ஒழுங்கு உண்டு. டார்ட்மூர் முழுவதும் பண்டைக்கால மனிதர் நட்ட கல்வரிசைகளும் கற்குவைகளும் ஈமக் கற்பேழைகளும் நிறைந்துள்ளன. அவற்றிலோ, சுவர்களிலோ, இடிபாடுகளிலோ பெட்டி வைத்தல் கூடாது. சிமென்ட் முதலியன கொண்டு எதையும் கட்டுதலும் கூடாது என்பன அங்குள்ள நெறிமுறைகள். பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் இந்நெறிகள் இன்றியமையாதன ஆயின. ஆயிரம் பேர் ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால், பல நூற்றாண்டுகள் அசையாதிருந்த கல்லும் நிலைகுலையும். அடுத்து வருபவரின் உரிமையைக் காப்பவர், நெடுங்காலத்துக்கு முன்பே வந்து சென்றவர்களின் உரிமையையும் மறத்தல் ஆகாது.

பனியில் பதியும் தடம்

அமெரிக்காவில், வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களுக்கு இடையே ஓடும் கனெக்டிகட் ஆற்றின் பள்ளத்தாக்கில், 1995-இல் 'வேலி குவெஸ்ட்' என்னும் முயற்சி தொடங்கியது. உள்ளூர் மக்களும் பள்ளிப் பிள்ளைகளும் தம் ஊரின் சிறப்பான இடங்களைப் பற்றிப் பாட்டு வடிவில் குறிப்பெழுதி, முடிவில் முத்திரைப் பெட்டியை மறைத்து வைத்தார்கள். 1998 ஏப்ரலில் 'ஸ்மித்சோனியன்' இதழில் டார்ட்மூர் வழக்கத்தைப் பற்றிய கட்டுரை வெளிவந்த பிறகு, அந்நாட்டின் பல பகுதிகளிலும் மலைப்பாதை நடையினர் பெட்டிகளை வைக்கத் தொடங்கினர்.

வெர்மான்ட் போன்ற வடமாநிலங்களில், கோடையில் நடந்து செல்லும் காட்டுப்பாதைகள் பல குளிர்காலத்தில் நெடுவழிப் பனிச்சறுக்குக்குரிய பாதைகளாக மாறுகின்றன. மாசசூசெட்ஸ் எல்லையிலிருந்து கனடா எல்லை வரை, வெர்மான்டின் நீளம் முழுவதும் சுமார் 300 மைல் செல்லும் 'கேட்டமவுன்ட்' பாதை இவ்வகையில் பெயர்பெற்றது. 1984-இல் தொடங்கப்பட்ட அப்பாதை அரசு நிலங்களோடு தனியார் நிலங்கள் பலவற்றின் ஊடாகவும் செல்கிறது. நில உரிமையாளர்கள் மனமுவந்து வழிவிடுவதால்தான் அது பாதையாக இருக்கிறது.

கோடைக்கு இல்லாத ஒரு சோதனை குளிர்காலத்தில் உண்டு. கோடையில், பாதையை விட்டு விலகிப் பெட்டியைத் தேடிச் சென்றவரின் காலடியை எவரும் காண்பதில்லை. குளிர்காலத்திலோ, பனிமட்டைகள் பதித்த இரு கோடுகள் பாதையிலிருந்து பிரிந்து நேரே மறைவிடத்திற்குச் சென்று திரும்பியிருக்கும். அடுத்து வருபவருக்குக் குறிப்பும் வேண்டாம், திசைகாட்டியும் வேண்டாம். கோட்டைப் பின்பற்றினால் போதும். ஏதுமறியாத ஒருவரும் அங்கே சென்று பெட்டியை எடுத்துவிடலாம். முதலில் வந்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. ஆயினும் அவர் கண்டதே, பின்வருபவரின் காணும் மகிழ்ச்சியைக் குலைத்துவிடுகிறது.

சறுக்காமல் காலணியோடு நடந்து வருபவரால் விளையும் தீங்கு இன்னும் வெளிப்படையானது. மென்பனியில் அவர் பதித்த குழிகள் இரவில் உறைந்து கல்லாகிவிடும். மறுநாள் சறுக்கி வருபவரின் மட்டை அக்குழியில் சிக்கினால் அவர் விழுவார். ஆகவேதான் சறுக்குத் தடத்தின்மீது நடக்கலாகாது என்பது அப்பாதைகளின் எழுதாச் சட்டமாக உள்ளது. நிலத்துக்குரியவரிடம் கேளாமல் அவர் மரத்தடியில் பெட்டியை மறைப்பதும் இத்தகையதே. அவர் மனம் வெறுத்துத் தம் நிலத்தில் வழியை அடைத்துவிட்டால், பெட்டி தேடுபவர் மட்டும் அல்லர், அப்பாதையில் வரும் அனைவருமே இழப்புக்கு உள்ளாவர்.

இந்நிலையில் பொறுப்புள்ளவர் என்ன செய்வார்? தம் தடத்தை மூடக்கூடிய பனி பொழியும் நாளுக்காகக் காத்திருப்பார். அல்லது பனி உருகும்வரை தேடலையே தள்ளிப்போடுவார். ஒரு பெட்டி தம் கணக்கில் கூடாமற் போகலாம். அடுத்து வருபவரின் உரிமையை நாம் உண்மையாகவே ஏற்கிறோமா என்பதற்கு இந்த விட்டுக்கொடுத்தலே உரைகல்.

விளையாட்டுத்தானே?

'இது ஓய்வுள்ளவர்களின் பொழுதுபோக்கு. இதில் இத்துணை அறம் பேச வேண்டுமா?' என்று ஒருவர் கேட்கலாம். பசியும் பிணியும் போரும் மலிந்த உலகில், பாறை இடுக்கில் இருக்கும் ரப்பர் முத்திரை பெரிய செய்தி அன்று என்பதை மறுப்பதற்கில்லை. பெட்டி ஒன்று தொலைந்தால் எவரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

ஆனால் சிறியது என்பதாலேயே அது நமக்குப் பயன்படுகிறது. பெரிய கடமைகளை நாம் ஆற்றும்போது, சட்டத்துக்கு அஞ்சியா, ஊராரின் சொல்லுக்கு அஞ்சியா, புகழை விரும்பியா, உண்மை அன்பாலா என்று நமக்கே தெளிவாகத் தெரிவதில்லை. மலைமேல் தனியே நிற்பவரிடம் இவற்றுள் பலவும் இல்லை. காவலர் இல்லை, பாராட்டுபவர் இல்லை, அலட்சியமாக விட்டுச் சென்றால் மழைநீர் ஏட்டை நனைத்த பிறகுதான் தெரியும், அப்போதும் யார் செய்தது என்று தெரியாது. அந்த இடத்தில் ஒருவர் குனிந்து மூடியைச் சரியாக மூடுகிறார் என்றால், அங்கே செயற்படுவது மனச்சான்று ஒன்றே.

முகமறியாதவர் என்பதால் அவருடைய உரிமை குறைந்துவிடுவதில்லை. கூடுகிறது என்றே நாம் கருதுகிறோம். கண்முன் நிற்பவர் தம் உரிமையைத் தாமே கேட்டுப் பெற முடியும். இனி வரப்போகிறவருக்கு வாய் இல்லை. நாம் எடுத்துக்கொண்டதை அவர் அறியார். நாம் காத்து வைத்ததையும் அறியார். அவர் சார்பில் பேசக்கூடியவர் உலகில் ஒரே ஒருவர்தான்: அவருக்கு முன்னால் அங்கே தனியே நின்றுகொண்டிருக்கும் நாம்.

வாழ்வில் நாம் பெற்றுள்ளவற்றுள் மேலானவை பலவும் இவ்வகையில் வந்தவையே. நாம் பேசும் மொழியை நாம் ஆக்கவில்லை. நாம் குடிக்கும் ஆற்றுநீரை நாம் ஊற்றெடுக்கச் செய்யவில்லை. யாரோ பலர், நம்மை அறியாமலேயே, தாம் பெற்றதைக் கெடுக்காமல் வைத்துச் சென்றதால் அவை நம் கைக்கு வந்தன. அவர்களுக்கு நன்றி சொல்ல நமக்கு வழி இல்லை. அவர்கள் நடந்து மறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்களைப்போல் வைத்துச் செல்ல நமக்கு வழி உண்டு.

ஒன்றைப் பயன்படுத்தி முடித்ததும், 'எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது' என்று எழுந்து செல்வது எளிது. எழுமுன் ஒரு நொடி நின்று, நமக்கு அது கிடைத்த நிலையில் இன்னொருவருக்கும் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்வோம். அந்த ஒரு நொடி, பெயர் தெரியாத ஒருவருக்கு நாம் செலுத்தும் மரியாதை. மூடியைச் சரியாக மூடுவோம், கல்லை அதன் இடத்தில் வைப்போம், நடையைத் தொடர்வோம்.